பாக்டீரியாவின் சமையலறைக்குள் புகுந்து புதிய ஆன்டிபயாட்டிக் தேடுவது எப்படி? படிப்படியான முழு வழிகாட்டி

பால் வெட்டிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அந்த வாடையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. காலையில் மங்கில் இறங்கிய ரப்பர் பாலில் அமோனியா விட மறந்து வெயில் ஏறும்வரை வைத்துவிட்டால், பால் தானாகத் திரிந்து கட்டிப்போகும். புளித்த நாற்றம் லயம் வரைக்கும் வரும். பாலில் ரப்பரோடு கொஞ்சம் சர்க்கரைப் பொருள்களும் இருக்கின்றன. பாக்டீரியா அவற்றைத் தின்றுவிட்டு அசெட்டிக் அமிலம், ஃபார்மிக் அமிலம் போன்றவற்றை வெளியே தள்ளுகிறது. அமிலம் ஏறியதும் பால் உறைகிறது. ஆலையில் இந்த அமிலங்களை அளந்து ‘வி.எஃப்.ஏ. எண்’ என்று எழுதி வைப்பார்கள். பாக்டீரியா எவ்வளவு தின்றது என்ற கணக்குதான் அந்த எண்.

இந்த வழிகாட்டியும் அதே கேள்வியில்தான் நிற்கிறது. கிருமி எதைத் தின்கிறது, எதைத் தானே சமைக்கிறது, எந்த அடுப்பை அணைத்தால் அதனால் பிழைக்க முடியாது? வளர்சிதை மாற்றம் என்று பாடநூல் சொல்வது இதைத்தான்.

நான் ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங் பக்கம் சனிக்கிழமைகளில் படிவம் 6 பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லித் தருகிறேன். அவர்களுக்காகவும், பல்கலைக்கழகத்தில் முதல் இரண்டு ஆண்டுகளில் இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான்காம் படி வரை ஒரு சாதாரண லேப்டாப் போதும். அதற்கப்புறம் முறையான ஆய்வகமும், கூடவே நிற்க ஒரு பெரியவரும் வேண்டும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். வீட்டில் மண்ணைக் கரைத்து கிருமி வளர்த்துப் பார்க்காதீர்கள். மெலியோய்டோசிஸ் நோயைத் தரும் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை நம் நாட்டு ஈர மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்கிற கிருமி.

முதல் படி: பழைய கதையை ஒழுங்காகப் படியுங்கள்

இந்தத் துறை புதிது என்று நினைக்கிறார்கள். உண்மையில் பெனிசிலின் மருந்துக்கடைக்கு வருவதற்கு முன்பே இது தொடங்கிவிட்டது.

ஜெர்மனியில் கெர்ஹார்ட் டோமாக் 1932இல் புரோன்டோசில் என்ற சிவப்புச் சாயத்தை எலிகளுக்குக் கொடுத்தார். சாக வேண்டிய எலிகள் பிழைத்தன. 1935இல் அதை வெளியிட்டார். விசித்திரம் என்னவென்றால், சோதனைக்குழாயில் அந்தச் சாயம் கிருமியை ஒன்றும் செய்யவில்லை. அதே ஆண்டு பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்தவர்கள் விடையைக் கண்டார்கள். உடம்புக்குள் சாயம் உடைந்து சல்ஃபனிலமைடு என்ற நிறமற்ற பொருளாகிறது, அதுதான் மருந்து.

அது எப்படி வேலை செய்கிறது என்பது 1940இல் டொனால்ட் வுட்ஸ் செய்த வேலையில் தெரிந்தது. ஈஸ்ட் சாற்றைச் சேர்த்தால் சல்ஃபா மருந்து தோற்றுவிடுவதை அவர் பார்த்தார். சாற்றில் மருந்தை முறியடிப்பது பாபா என்கிற பாரா அமினோ பென்சாயிக் அமிலம். சல்ஃபாவும் அதுவும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பாக்டீரியா பாபாவை வைத்துத்தான் ஃபோலேட் என்ற வைட்டமினைச் சமைக்கிறது. சல்ஃபா போய் அந்தச் சமையலைச் செய்யும் நொதியில் பாபாவின் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. பாபா நிறைய வந்தால் சல்ஃபாவைத் தள்ளிவிட்டுத் தன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நமக்கு ஏன் கேடு இல்லை? நாம் ஃபோலேட்டைச் சமைப்பதில்லை. கீரையிலும் பருப்பிலும் சாப்பிட்டுக்கொள்கிறோம். நம்மிடம் இல்லாத அடுப்பை அணைத்தால் நமக்கு என்ன நஷ்டம்?

வுட்ஸ் கதையில் இரண்டு விஷயங்களைக் குறித்து வையுங்கள். மனிதனிடம் இல்லாத பாதை ஒன்று. ஈஸ்ட் சாறு இன்னொன்று. ஈஸ்ட் சாறு ஆறாம் படியில் திரும்பவும் வரும், அங்கே என் மானத்தையும் வாங்கும்.

இந்தக் கதைக்கு நம் மண்ணிலும் ஒரு அத்தியாயம் உண்டு. 1930இல் திறந்த சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். தொழுநோய்க்குக் கொடுத்த டாப்சோன் மருந்தும் சல்ஃபா அடைக்கும் அதே ஃபோலேட் நொதியைத்தான் அடைக்கிறது. தொழுநோய்க் கிருமியை எந்தத் தட்டிலும் வளர்க்க முடியாது. ஆனால் எலியின் பாதத்தில் மெதுவாக வளரும். அந்த முறையை வைத்து பெட்டிட், ரீஸ் என்ற ஆய்வாளர்கள் 1964இல், டாப்சோனுக்கு அடங்காத தொழுநோய்க் கிருமி இருக்கிறது என்பதை சுங்கை பூலோ நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளில் நிரூபித்தார்கள். ஒரே அடுப்பை மட்டும் வருடக்கணக்கில் அணைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதை உலகம் பார்த்த முக்கியமான இடங்களில் ஒன்று, நாம் பஸ்ஸில் கடந்து போகும் அந்த ஊர்.

இரண்டாம் படி: கிருமியைத் தேர்ந்தெடுங்கள், அது குடியிருக்கும் இடத்தையும் சேர்த்து

பிள்ளைகளிடம் ‘எந்தக் கிருமி?’ என்று கேட்டால் உடனே பதில் வரும். ‘உடம்பில் எங்கே இருக்கும்போது?’ என்று கேட்டால் முழிப்பார்கள்.

மெலியோய்டோசிஸையே எடுத்துக்கொள்வோம். நீரிழிவு உள்ளவர்களைத்தான் அது அதிகம் பிடிக்கிறது. நம் வட்டாரத்தில் எத்தனை வீட்டில் இனிப்புநீர் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். முதலில் செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசி, குறைந்தது 10 முதல் 14 நாள். அப்புறம் கோ-ட்ரைமாக்ஸசோல் மாத்திரை, குறைந்தது 3 மாதம். இந்தக் கோ-ட்ரைமாக்ஸசோலில் இருப்பது சல்ஃபாமெத்தாக்ஸசோலும் ட்ரைமெத்தோப்ரிமும். இரண்டுமே ஃபோலேட் பாதையை அடைப்பவை. ஆக, நம் மண்ணின் நோய்க்கு இன்றைக்கும் வளர்சிதை மாற்றத்தைத் தாக்கும் மருந்துதான் காவல்.

அதே கிருமி இரத்தத்தில் ஓடும்போது ஒன்றைச் சாப்பிடும். கல்லீரலில் சீழ்க்கட்டியாக உட்கார்ந்திருக்கும்போது வேறொன்றைச் சாப்பிடும். மனித செல்லுக்குள் ஒளிந்திருக்கும்போது இன்னொன்று. சீழில் செத்த செல்கள் உடைந்து கிடக்கும். பாபா, தைமிடின், பியூரின் எல்லாம் அங்கே இலவசம். சீழ் நிறைந்த இடத்தில் சல்ஃபா மருந்து திணறுவதற்கு இது ஒரு காரணம் என்று பழைய மருத்துவர்களுக்கே தெரியும். அதனால்தான் கட்டியைக் கீறி வடிக்கச் சொல்வார்கள்.

எனவே ஒரு தாளை எடுத்து மேலே கிருமியின் பெயர், கீழே அது குடியிருக்கும் இடம், அதற்குக் கீழே அங்கே கிடைக்கும் சாப்பாடு என்று எழுதுங்கள். சர்க்கரை, அமினோ அமிலம், கொழுப்பு அமிலம், இரும்பு, ஆக்ஸிஜன் என்று ஒவ்வொன்றாக. தெரியாத கட்டத்தைக் காலியாக விடுங்கள். ஊகித்து நிரப்பாதீர்கள்.

மூன்றாம் படி: வரைபடத்தில் அடைக்க வேண்டிய இடத்தைப் பாருங்கள்

கெக் என்ற தரவுத்தளத்தில் ஆயிரக்கணக்கான உயிரிகளின் வளர்சிதைப் பாதைகள் படமாகவே இருக்கின்றன. உங்கள் கிருமியைத் தேர்ந்தெடுத்தால், அதனிடம் இருக்கும் நொதிகள் நிறம் மாறித் தெரியும். பக்கத்து ஜன்னலில் மனிதனுக்கு உரிய அதே படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். பொழுது போவதே தெரியாது.

நம் ஊர்க்காரர்களுக்காகவே அமைந்த உதாரணம் ஒன்று சொல்கிறேன். ரப்பர் என்பது ஐ.பி.பி. என்ற ஐந்து கார்பன் துண்டை ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. அதே ஐ.பி.பி.யை வைத்துத்தான் நம் உடம்பு கொலஸ்ட்ராலைச் செய்கிறது. பாக்டீரியா அதே துண்டை வைத்துச் சுவர் கட்டும் கற்களைச் சுமக்கும் ஒரு வாகனத்தைச் செய்கிறது. மூவருக்கும் ஒரே செங்கல், ஆனால் சூளை வேறு. நாம் மெவலோனேட் பாதையில் செய்கிறோம். பால்மரம் பாலுக்குள் இருக்கும் ரப்பரைப் பெரும்பாலும் இதே பாதையில் செய்கிறது. பல பாக்டீரியாக்கள் எம்.இ.பி. என்ற முற்றிலும் வேறு பாதையில் செய்கின்றன. ஃபாஸ்மிடோமைசின் என்ற பொருள் அந்தப் பாதையின் ஒரு நொதியை அடைக்கிறது. மலேரியா ஒட்டுண்ணியிடமும் எம்.இ.பி. பாதை இருப்பதால் அங்கேயும் இதைப் பரிசோதித்தார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்றவை நம்மைப் போலவே மெவலோனேட் பாதையை வைத்திருக்கின்றன. அவற்றிடம் இந்த மருந்துக்கு வேலையே இல்லை. பாடநூலில் ‘பாக்டீரியாவின் பாதை’ என்று போட்டிருப்பதை நம்பி இறங்கினால் இப்படித்தான் ஆகும். உங்கள் கிருமியின் படத்தைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

ஒரு நொதியைக் குறி வைத்ததும் அதன் புரத வரிசையை பிளாஸ்ட் கருவியில் மனிதப் புரதங்களோடு ஒப்பிடுங்கள். மனிதனிடம் அதே நொதி இருந்தால் உடனே தூக்கி எறிய வேண்டாம். ட்ரைமெத்தோப்ரிம் அடைக்கும் டி.எச்.எஃப்.ஆர். நொதி நம்மிடமும் இருக்கிறது. ஆனால் பாக்டீரியாவின் நொதியோடு அந்த மருந்து பல ஆயிரம் மடங்கு இறுக்கமாக ஒட்டுகிறது. வடிவத்தில் இருக்கும் சிறு வித்தியாசமே போதுமானதாக இருந்தது. ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் கெர்ட்ரூட் எலியனும் 1988இல் நோபல் வாங்கியதில் இந்த வகை வேலைக்குப் பெரிய பங்கு.

அடுத்த கேள்விதான் ஆளைக் கவிழ்க்கும். அடைத்த பாதைக்கு மாற்று வழி உண்டா? ஜப்பான்காரன் காலத்தில் அரிசி வருவது நின்றபோது தோட்டத்து ஜனங்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் பாட்டி அதற்கப்புறம் சாகும்வரை மரவள்ளியைத் தொடவில்லை. பாக்டீரியாவும் அப்படித்தான், ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழியில் பிழைக்கும். ஒரே வேலைக்கு இரண்டு நொதி வைத்திருக்கலாம். அல்லது அந்தப் பொருளை உங்கள் இரத்தத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். படத்தைப் பார்த்து மட்டும் இதற்கு விடை சொல்ல முடியாது. அதற்குத்தான் அடுத்த படி.

நான்காம் படி: லேப்டாப்பில் ஒரு ஜீனை நிறுத்திப் பாருங்கள்

பாக்டீரியாவின் மொத்த வளர்சிதை மாற்றத்தையும் சமன்பாடுகளாக எழுதி வைத்த மாதிரிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. குடல் பாக்டீரியாவான ஈ. கோலைக்கு ஐ.எம்.எல். 1515 என்ற மாதிரி 2017இல் வந்தது. பெயரில் இருக்கும் எண், அதில் உள்ள ஜீன்களின் எண்ணிக்கை. தொடக்கத்திலேயே அதில் குதிக்க வேண்டாம். ‘ஈ. கோலை கோர்’ என்ற சின்ன மாதிரி இருக்கிறது. 137 ஜீன், 95 வினை, 72 பொருள். பைத்தானில் கோப்ராபை என்ற தொகுப்பை நிறுவினால் ஒரு வரியில் அதைத் திறக்கலாம். லேப்டாப் பழசாக இருந்தால் கூகுள் கோலேபில் உலாவியிலேயே ஓட்டலாம். லைன் மெதுவாக இருக்கும் தோட்டத்து வீட்டிலும் இது ஓடுகிறது, பார்த்துவிட்டேன்.

முதலில் எதையும் மாற்றாமல் வளர்ச்சி வேகத்தைக் கேளுங்கள். குளுக்கோஸ் 10 அலகு, ஆக்ஸிஜன் உண்டு என்றால் மணிக்கு 0.87 என்று வரும். அதாவது ஏறத்தாழ 48 நிமிடத்தில் இரட்டிப்பாகிறது. இப்போது ஆக்ஸிஜனைப் பூஜ்யமாக்குங்கள். 0.21க்கு இறங்கும். சாகவில்லை, மெதுவாகிவிட்டது. ஆக்ஸிஜன் கிடைக்காத சீழ்க்கட்டியில் கிருமி எப்படி இருக்கும் என்று இந்த ஒரு எண் கொஞ்சம் காட்டுகிறது.

அப்புறம் சிட்ரேட் சிந்தேஸ் நொதியின் ஜீனை நிறுத்துங்கள். வளர்ச்சி பூஜ்யம். என் வகுப்பில் ஒரு மாணவி இதைப் பார்த்ததும் “சார், மருந்து கிடைச்சிருச்சு!” என்று கத்தினாள். “சரிம்மா, இப்ப சாப்பாட்டில் குளுட்டமேட் சேர்த்துப் பாரு” என்றேன். சேர்த்தாள். கிருமி திரும்ப வளர ஆரம்பித்தது. சிட்ரேட் சிந்தேஸ் இல்லாத ஈ. கோலைக்குக் குளுட்டமேட் செய்ய வழி இல்லை. யாராவது கொடுத்தால் போதும், அது பிழைத்துக்கொள்ளும். நம் இரத்தத்தில் குளுட்டமேட் கிடைக்கும். அவள் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப நாம எதை அடைக்கிறோம்ங்கறதவிட அது எங்க சாப்பிடுதுங்கறதுதான் முக்கியமா சார்?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எனக்கு அது புரிய பல வருடம் பிடித்தது.

இனி உங்கள் வேலை இதுதான். இரண்டாம் படியில் எழுதிய சாப்பாட்டுப் பட்டியலை மாதிரிக்குள் கொடுங்கள். ஒவ்வொரு ஜீனாக நிறுத்தும் கட்டளையை ஓடவிடுங்கள். நல்ல சாப்பாட்டிலும் சாகும் ஜீன்கள் ஒரு பட்டியல். வறுமைச் சாப்பாட்டில் மட்டும் சாகும் ஜீன்கள் இன்னொரு பட்டியல். இந்த இரண்டாவது பட்டியலை வெகுகாலம் யாரும் அதிகம் தேடிப் பார்க்கவில்லை. புதிய மருந்துக்கான இடம் அங்கே நிறைய இருக்கிறது என்பது என் எண்ணம்.

மாதிரி சொல்வதை அப்படியே நம்பவும் கூடாது. ஈ. கோலையில் ஒவ்வொரு ஜீனாக நீக்கி ஜப்பானியர்கள் 2006இல் வெளியிட்ட கெய்யோ தொகுப்பில் 3985 ஜீன்களுக்கு நீக்கிய வகைகள் இருக்கின்றன. உங்கள் விடையை அந்த உண்மைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாத இடங்களில்தான் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும்.

ஐந்தாம் படி: பொருளைத் தேடுங்கள்

இங்கே இரண்டு வழிகள். நொதியைத் தனியே பிரித்தெடுத்து அதை அடைக்கும் பொருளைத் தேடுவது ஒன்று. முழு பாக்டீரியாவின் மேல் ஆயிரக்கணக்கான பொருள்களைப் போட்டு எது கொல்கிறது என்று பார்த்துவிட்டு, காரணத்தைப் பிறகு தேடுவது மற்றொன்று.

முதல் வழி அறிவாளித்தனமாகத் தெரியும். கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் நிறுவனம் 1995 முதல் 2001 வரை 70 பெரிய தேடல்களை நடத்தியது. மூன்றைத் தவிர எல்லாமே நொதி போன்ற இலக்கை முதலில் வைத்துச் செய்தவை. மேற்கொண்டு மருந்தாக வளர்க்கும் தகுதியுள்ள பொருளைத் தந்தவை 5 மட்டும். நொதியை அடைக்கும் பொருள் கிடைக்கும். அது பாக்டீரியாவுக்குள் நுழையாது. நுழைந்தாலும் பம்பு போட்டு வெளியே இறைத்துவிடும். மேலே சொன்ன ஃபாஸ்மிடோமைசினே சாட்சி. காசநோய்க் கிருமியின் நொதியை அது சோதனைக்குழாயில் அடைக்கிறது. ஆனால் அது உள்ளே போகும் கதவான கிளிசரால் பாஸ்பேட் கடத்தி அந்தக் கிருமியிடம் இல்லை. ஆகவே உயிரோடு இருக்கும் கிருமியை ஒன்றும் செய்வதில்லை.

அதனால் நான் இரண்டாம் வழிக்காரன். அதிலும், கிருமியை வறுமையில் வைத்துத் தேடும் முறை. கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் எரிக் பிரவுன் குழு 2013இல் இப்படிச் செய்தது. உப்பும் சர்க்கரையும் மட்டும் உள்ள குறைந்தபட்ச ஊடகத்தில் ஈ. கோலையை வளர்த்து, சுமார் 30,000 பொருள்களைப் போட்டார்கள். வளர்ச்சியை நிறுத்திய பொருள்களை எடுத்துக்கொண்டு, அமினோ அமிலம், வைட்டமின் என்று ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்த்தார்கள். எதைச் சேர்த்ததும் கிருமி எழுந்து நிற்கிறதோ, அதைச் சமைக்கும் பாதைதான் அடைபட்டிருக்கிறது. பயோட்டின் பாதை, பாபா பாதை, கிளைசின் பாதை என்று மூன்றை அடைக்கும் பொருள்கள் அதில் கிடைத்தன. வுட்ஸ் 1940இல் ஈஸ்ட் சாற்றை வைத்துச் செய்த அதே வித்தை.

கணினியில் பொருளை நொதிக்குள் பொருத்திப் பார்க்கும் டாக்கிங் பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஆட்டோடாக் வினா என்ற மென்பொருள் இலவசம், செய்து பாருங்கள். வரும் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு ‘மருந்து கண்டுபிடித்தேன்’ என்று போட்டிக்கு அனுப்பாதீர்கள். கிருமியின் சுவரைப் பற்றி அந்த எண்ணுக்கு எதுவும் தெரியாது.

ஆறாம் படி: மேசையில் சோதனை

குறைந்தபட்சத் தடுப்பு அளவைக் காண 96 குழித் தட்டு வேண்டும். முதல் குழியில் மில்லிக்கு 64 மைக்ரோகிராம், அடுத்ததில் 32, 16, 8 என்று பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு குழியிலும் மில்லிக்கு ஏறத்தாழ 5 லட்சம் கிருமி. 35 பாகை செல்சியஸில் 16 முதல் 20 மணி நேரம். மறுநாள் தட்டைத் தூக்கிப் பிடித்துக் கீழிருந்து பாருங்கள். கலங்கிய குழியில் கிருமி வளர்ந்திருக்கிறது. தெளிந்த குழிகளில் மிகக் குறைந்த மருந்து எதில் இருக்கிறதோ, அதுதான் அளவு. மருந்தில்லாத குழி ஒன்று, கிருமியில்லாத குழி ஒன்று, மருந்தைக் கரைத்த டி.எம்.எஸ்.ஓ. மட்டும் போட்ட குழி ஒன்று, இந்த மூன்றும் இல்லாத தட்டைக் குப்பையில் போடுங்கள். பழகுவதற்குத் தீங்கில்லாத கே-12 வகை ஈ. கோலை போதும். பர்க்ஹோல்டேரியாவை உயர் பாதுகாப்பு ஆய்வகத்தில் மட்டுமே தொடலாம்.

இப்போது என் மானம் போன கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஆய்வகத்தில் ட்ரைமெத்தோப்ரிமை வைத்துப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு போட்டாலும் கிருமி கலங்கலாக வளர்ந்து நின்றது. மருந்து பழசு என்று புது மருந்து கரைத்தேன். கிருமி மாறிவிட்டது என்று புதுக் கிருமி எடுத்தேன். பிப்பெட்டைக்கூடச் சந்தேகப்பட்டேன். இரண்டு வாரம் போனது. கடைசியில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூத்த அக்கா ஒருவர் என் போத்தலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, இதுக்கு நீ என்ன சாப்பாடு போடுறே?” என்று கேட்டார். ஈஸ்ட் சாறு நிறைந்த வளமான ஊடகம். அதில் தைமிடின் இருக்கிறது. ட்ரைமெத்தோப்ரிம் தடுக்கும் பாதையின் முக்கியச் சரக்கே தைமிடின்தான். நான் ஒரு கையால் அடுப்பை அணைத்துவிட்டு மறுகையால் சமைத்த சோற்றை ஊட்டிக்கொண்டிருந்தேன். இந்தச் சோதனைக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் முல்லர் ஹின்டன் ஊடகத்தில் தைமிடின் குறைவாக இருக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பதே இந்தச் சிக்கலுக்காகத்தான்.

அதனால் ஒவ்வொரு பொருளையும் மூன்று சாப்பாட்டில் சோதியுங்கள்: வளமான ஊடகம், குறைந்தபட்ச ஊடகம், மனித சீரம் கலந்த ஊடகம். சீரத்தில் தோற்றால், மற்ற இரண்டிலும் ஜெயித்ததைப் பற்றி அதிகம் மகிழ வேண்டாம்.

ஏழாம் படி: உண்மையில் எதை அடைத்தீர்கள்?

திரும்பச் சேர்க்கும் சோதனையை மேலே சொல்லிவிட்டேன். இன்னொரு உறுதியான வழி, மருந்தை மீறி வளரும் கிருமிகளைப் பிடிப்பது. நூறு கோடி கிருமிகளை மருந்து கலந்த தட்டில் பரப்பினால் ஒன்றிரண்டு பிழைத்து வளரும். அவற்றின் முழு மரபணுவையும் வாசித்து, எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று தாய் வகையோடு ஒப்பிட வேண்டும்.

காசநோய் மருந்தான பெடாகுவிலின் அப்படித்தான் பிடிபட்டது. காசநோய்க் கிருமி மெதுவாக வளர்வதால் அதன் வேகமான சொந்தக்காரன் ஒன்றின் மேல் பொருள்களைப் போட்டுத் தேடினார்கள். எதிர்ப்புப் பெற்ற கிருமிகளின் மரபணுவை வாசித்தபோது, ஏ.டி.பி. செய்யும் இயந்திரத்தின் ஒரு ஜீனில் மாற்றம் இருந்தது. கிருமியின் மின்சார ஜெனரேட்டரையே அந்த மருந்து நிறுத்துகிறது. 2005இல் ஆய்வு வெளியானது, 2012 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஏ.டி.பி. இயந்திரம் நம்மிடமும் இருக்கிறது. ஆனால் நம்முடையதை அது அந்த அளவுக்குப் பாதிப்பதில்லை. மூன்றாம் படியில் ‘மனிதனிடம் இருக்கிறது’ என்று எழுதி இதை யாராவது ஒதுக்கியிருந்தால் இந்த மருந்து வந்திருக்காது.

எட்டாம் படி: உடம்புக்குள்

மனித செல்லைக் கொல்கிறதா, சிவப்பணுவை உடைக்கிறதா என்ற சோதனைகளை எல்லா நூலிலும் விரிவாகப் போட்டிருப்பார்கள், அங்கே படித்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வருவது எலியைப் பற்றி. எலியின் இரத்தம் மனித இரத்தம் அல்ல. மனிதனைவிட எலியின் இரத்தத்தில் பயோட்டின் பல மடங்கு அதிகம். பயோட்டின் பாதையை அடைக்கும் மருந்தை எலியில் சோதித்தால் அது தோற்கும், மனிதனில் ஜெயித்திருக்கக்கூடியதாக இருந்தாலும். பிரவுன் குழு 2020இல் இதைக் காட்டியது. பயோட்டினை இறுகப் பிடித்துக்கொள்ளும் ஒரு புரதத்தை எலிக்குக் கொடுத்து, அளவை மனித அளவுக்கு இறக்கினார்கள். அதற்கப்புறம் மருந்து வேலை செய்தது. எலிக்குத் தைமிடினும் அதிகம், ட்ரைமெத்தோப்ரிம் சோதனையில் அதுவும் குழப்பும்.

எதிர்ப்பக்கம் பிளாட்டென்சிமைசின் நிற்கிறது. தென்னாப்பிரிக்க மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து எடுத்த இந்தப் பொருள் 2006இல் பெரிய பரபரப்பு. கொழுப்பு அமிலம் சமைக்கும் நொதியை அடைக்கிறது. மூன்று வருடம் கழித்து இன்னொரு குழு, சில ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள் இரத்தத்தில் உள்ள கொழுப்பு அமிலத்தை எடுத்துப் பயன்படுத்திப் பிழைத்துக்கொள்கின்றன என்று காட்டியது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸால் அப்படி முழுக்கத் தப்ப முடியாது என்று வேறொரு குழு காட்டியது. கிருமிக்குக் கிருமி விடை மாறும்.

ஒன்பதாம் படி: ஜோடி சேர்ப்பது

கோ-ட்ரைமாக்ஸசோல் மாத்திரையில் 1 பங்கு ட்ரைமெத்தோப்ரிமுக்கு 5 பங்கு சல்ஃபா. ஒரே பாதையை இரண்டு இடத்தில் அடைத்தால் கிருமி எதிர்ப்பு பெறுவது கடினம். உங்கள் பொருளையும் பழைய மருந்துகளோடு சதுரங்கக் கட்டம் மாதிரி கலந்து சோதியுங்கள். ஒன்று மேலிருந்து கீழே குறையும், மற்றது இடமிருந்து வலம்.

அணைப்பதற்குப் பதில் தூண்டிவிடும் வழியும் உண்டு. தூங்கிக்கொண்டிருக்கும் கிருமிக்குள் ஜென்டமைசின் நுழையாது. உள்ளே இழுக்க அதற்குச் சக்தி வேண்டும். ஜேம்ஸ் காலின்ஸ் குழு 2011இல், மேனிட்டால், ஃப்ரக்டோஸ் போன்ற சர்க்கரையைக் கொடுத்துக் கிருமியை எழுப்பிவிட்டு ஜென்டமைசினால் கொன்றது. விருந்து வைத்துப் பிடிப்பது.

குறிப்பேடு

கடைசியாக ஒரு சின்ன விஷயம். குறிப்பேட்டில் ஒவ்வொரு நாளும் முதல் வரியில் ஊடகத்தின் பெயர், தயாரித்த தேதி, எந்தப் போத்தலிலிருந்து எடுத்தது என்று எழுதுங்கள். மருந்தின் பெயர் இரண்டாவது வரியில் வரட்டும். என் பழைய குறிப்பேடு இன்னும் அலமாரியில் இருக்கிறது. அந்த இரண்டு வாரத்துப் பக்கங்களில் ‘ட்ரைமெத்தோப்ரிம், வேலை செய்யவில்லை’ என்று பதினொரு தடவை எழுதியிருக்கிறேன். சாப்பாடு என்ன போட்டேன் என்று ஒரு பக்கத்திலும் இல்லை.